பாலும் பித்தளையும்: குழந்தை ஈரல் நோயின் குறிகள் உணரப்பட்ட வரலாறு

1. முன்னுரை

நோய்களின் வரலாறு மருத்துவர்க்கே உரியது என்று கருதி, மொழியும் பண்பாடும் ஆராய்வார் அதனை ஒதுக்கிவிடுதல் வழக்கம். ஆயினும் ஒரு நோய்க்கு மக்கள் இட்ட பெயர், அதன் குறிகளை அவர்கள் கண்டுகொண்ட முறை, அது தோன்றிய வீட்டில் வழங்கிய புழங்குபொருள்கள் ஆகியன மொழியாராய்ச்சிக்கும் பண்பாட்டாராய்ச்சிக்கும் உரியனவே. ஒரு நோயின் குறிகளை நன்கு அறிந்தும் அதன் முதலை அறியாது ஒரு நாடு ஏறத்தாழ நூறாண்டு கழித்ததாயின், அத்தடையின் இயல்பு யாது என்று வினவுதல் வரலாற்றாசிரியனின் கடமையாகும்.

இந்தியக் குழந்தைகளைப் பற்றி, பெரும்பாலும் உயிரையே கொண்டுபோன ஈரல் நோய் ஒன்றினை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. 'இந்தியக் குழந்தைப் பருவச் சிரோசிஸ்' என்பது மருத்துவ நூல்களில் அதற்கு வழங்கும் பெயர். நோயையும், நோயின் முதலையும், அது தணியும் வழியையும் முறையே நாடவேண்டும் என்பது 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த வரிசை. இந்நோயின் வரலாற்றில் முதற்படி விரைவில் ஏறப்பட்டது. இரண்டாம் படிக்கு ஏறத்தாழ நூறாண்டு பிடித்தது. காரணம் அடுப்பங்கரையில், எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் இருந்தது என்பதே இங்கு நிறுவப்படும்.

2. சொற்கள்

நுரையீரல், மண்ணீரல், கல்லீரல் என்னும் மூன்று பெயர்களிலும் முன்னிற்கும் அடைமொழி கண்டும் தொட்டும் அறிந்த தன்மையைச் சுட்டுவதாகக் கொள்ள இடனுண்டு. ஆயினும் நலமுள்ள கல்லீரல் கல்போல் இறுகியதன்று. அது வழவழப்பானது, அழுத்தினால் நெகிழ்வது. நோயுற்றபோதே அது உண்மையில் கல்லாகிறது.

மேலைநாட்டார் இட்ட பெயரோ வேறொரு பண்பைப் பற்றியது. பிரெஞ்சு மருத்துவர் லேனெக் 1819ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஒரு சிறு குறிப்பாக இந்நோய்க்குச் 'சிரோசிஸ்' என்று பெயரிட்டார். பழுப்பு கலந்த மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது அது. அவர் கண்ணில் முதலில் பட்டது ஈரலில் திரண்ட முடிச்சுகளின் நிறமே. எனவே உலகெங்கும் வழங்கும் இப்பெயர் நிறத்தைச் சொல்கிறதேயன்றி நோயின் தன்மையைச் சொல்லவில்லை. நோயின் தன்மை தழும்பாதல். ஈரலின் உயிரணுக்கள் மீண்டும் மீண்டும் புண்படுமாயின், புண் ஆறும் முயற்சியில் நார்ப்பொருள் படிகிறது. நார் வலைபோல் பரவி ஈரலைச் சிறுசிறு முடிச்சுகளாகப் பிரிக்கிறது. குருதி அதனூடே இயல்பாகச் செல்ல இயலாது போகிறது. ஆதலின் 'கல்லீரல் தழும்பு' என்னும் தமிழ்த்தொடர் கிரேக்கவழிப் பெயரினும் பொருள் விளக்கம் உடையது எனலாம்.

குறிகளைச் சுட்டும் சொற்களும் நோக்கத்தக்கன. வயிற்றில் நீர் கோத்தலை மகோதரம் என்பர். அது மகா, உதரம் என்னும் இரு வடசொற்களின் சேர்க்கை. பெருவயிறு என்பது அதன் நேர்ப்பொருள். காமாலை என்பதும் வடசொல் வழிப்பட்டதே. இவ்விரண்டும் நோயின் பெயர்களாகவே நம்மிடையே வழங்கின. உண்மையில் இவை நோயல்ல. நோயின் குறிகள், அவற்றுள்ளும் பிந்தித் தோன்றுவன. குறியின் பெயரையே நோயின் பெயராகக் கொண்டுவிட்டால், அக்குறி தோன்றும்வரை நோய் இல்லை என்னும் எண்ணம் மக்கள் உள்ளத்தில் வேரூன்றிவிடும். இந்நோயின் வரலாற்றில் இம்மயக்கம் செய்த கேடு சிறிதன்று.

3. மேலைநாட்டார் கண்ட குறிகள்

காமாலையுற்றான் ஒருவனுக்கு ஈரல் கடினமாதல் தீய குறி என்னும் கருத்து ஹிப்பாக்கிரட்டிஸ் பெயரால் வழங்கும் மருத்துவ முதுமொழித் தொகுதியில் இடம்பெற்றுள்ளது. அக்கருத்துக்கும் லேனெக் இட்ட பெயருக்கும் இடையே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. 1793இல் இலண்டனில் மாத்தியூ பெய்லி நோயுற்ற உறுப்புகளைப் பற்றி எழுதிய நூலில் முடிச்சு விழுந்த ஈரலை விளக்கி, மதுவருந்துவாரிடம் அது மிகுதியாகக் காணப்படுதலையும் சுட்டினார். அதன் பின்னர்ச் சிரோசிஸ் என்றாலே குடியால் வருவது என்னும் எண்ணம் நிலைபெற்றது.

ஆயின் கள்ளின் மணமும் அறியாத இரண்டு வயதுக் குழந்தைக்கு இந்நோய் வருமாயின் அதற்குக் காரணம் யாது? இவ்வினாவை எழுப்பிய நாடு இந்தியா.

4. இந்தியாவில் நோய் அறியப்படுதல்

1887இல் கல்கத்தாவில் சென் என்னும் மருத்துவர் குழந்தைகளின் ஈரல் நோயைப் பற்றி எழுதினார். அடுத்த சில ஆண்டுகளுள் கிப்பன்ஸ் என்பார் அதனைச் சிரோசிஸ் வகையுள் அடக்கி ஆராய்ந்தார். அது முதலாக வங்கம், மராட்டியம், கன்னடம், தமிழகம் எனப் பல பகுதிகளிலிருந்தும் செய்திகள் வந்தன. சென்னையில் குழந்தை மருத்துவத் துறையை வளர்த்த எஸ். டி. அச்சாரும் வி. பாலகோபால் ராஜுவும், நோயியலாளர் ஸ்ரீராமாச்சாரியுடன் சேர்ந்து 1960இல் இந்நோயைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றினை வெளியிட்டனர். தமிழகத்து மருத்துவர்க்கு இந்நோய் அயலதன்று.

இவ்வறிஞர் பலரும் கண்டு தொகுத்த குறிகள் வியக்கத்தக்க ஒருமைப்பாடு உடையன. பெரும்பாலும் ஆறு மாதத்திற்கும் ஐந்தாண்டிற்கும் இடைப்பட்ட குழந்தைகளையே இந்நோய் பற்றும். ஒன்று முதல் மூன்று வயதுக்குட்பட்டாரே அவருள் மிகுதி. நோய் ஓசையின்றி நுழையும். குழந்தை சிடுசிடுக்கும், உணவை வெறுக்கும், வயிறு மெல்ல உப்பும், சிறு காய்ச்சல் வந்து வந்து போகும். வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர் விலாவிற்குக் கீழே ஈரல் இறங்கி இறுகியிருப்பதையும், அதன் விளிம்பு இலையின் ஓரம்போல் கூர்மையாக இருப்பதையும் உணர்வர். பின்னர் மண்ணீரல் பெருக்கும். அதன் பின்னரே காமாலையும் மகோதரமும் தோன்றும். அவை தோன்றிய பின் பெரும்பாலான குழந்தைகள் சில திங்களுள் இறந்தன.

இவ்வரிசையைத் தமிழாய்வாளர் ஊன்றி நோக்குதல் வேண்டும். செரிமானம் பற்றிய எளிய குறிகள் முதலில் வருகின்றன. பசியின்மை, வயிற்றுப்பிசம், சிடுசிடுப்பு என்பன அவை. குழந்தை வளர்க்கும் எந்த வீட்டிலும் நாள்தோறும் காண்பன இவை. பல் முளைத்தல், மாந்தம், கண்ணேறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் நம் வீடுகளில் முன்னரே ஆயத்தமாக இருந்தது. மந்திரிக்கவும் உரை மருந்து கொடுக்கவும் பாட்டிமார் அறிந்திருந்தனர். அவர்களைக் குறை கூறுதல் நேர்மையன்று. நூற்றில் தொண்ணூறு முறை அவர்கள் கருதியதே சரியாக இருந்திருக்கும். எஞ்சிய சில முறைகளில் உள்ளே ஈரல் இறுகிக்கொண்டிருந்தது என்பதை வயிற்றைத் தடவிப் பார்க்கும் பயின்ற கையேயன்றி வேறெதுவும் சொல்லியிராது.

5. முதல் காணாத நூற்றாண்டு

காரணம் தேடிய அறிஞர் பல வழிகளில் சென்றனர். ஒரே வீட்டில் அடுத்தடுத்துப் பிறந்த குழந்தைகள் இந்நோயால் இறத்தலைக் கண்டவர்கள் இது குடிவழி நோய் என்றனர். சத்துணவுக் குறைவு என்றனர் சிலர். ஆயின் நோயுற்ற குழந்தைகள் பலரும் வறுமையில் வாடாத குடும்பத்தைச் சார்ந்தவர்கள். தீநுண்மி ஒன்று காரணமாகலாம் என்றனர் சிலர். நிலக்கடலை போன்ற பொருள்களில் பூஞ்சணம் பிடித்தால் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சின்மீது ஐயுற்றாரும் உண்டு. இந்துக் குடும்பங்களில் மிகுதியாகவும், முஸ்லிம், கிறித்தவக் குடும்பங்களில் அரிதாகவும் இந்நோய் காணப்பட்டது என்பதும் பலரால் குறிக்கப்பட்டது. ஆனால் அவ்வேறுபாட்டினைக் குருதியிலும் மணமுறையிலும் தேடினரேயன்றி, அடுப்பங்கரைப் புழக்கத்தில் தேடினார் மிகச் சிலரே.

பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளிலோ விதி, முன்வினை, வழிவழி வந்த சாபம் என்னும் விளக்கங்களே எஞ்சின. ஒரு குழந்தை இறந்து, மறுகுழந்தைக்கும் வயிறு உப்பத் தொடங்கும்போது தாயின்மீது பழி விழுதல் எளிது. தன் பாலில் குற்றம் உண்டோ என்று ஐயுற்று, தாய்ப்பாலை விரைவில் நிறுத்தி மாட்டுப்பால் ஊட்டியவளும் இருந்திருக்கலாம். பின்னர் வெளியான உண்மையோடு இதனை ஒப்பிடுவார்க்கு நெஞ்சம் கனக்கும்.

6. செம்பு வெளிப்படுதல்

திருப்பம் நுண்ணோக்கியின்வழி வந்தது. 1978இல் போர்ட்மன், டானர், மோவாட், வில்லியம்ஸ் ஆகிய அறிஞர் இந்நோயால் பற்றப்பட்ட ஈரலின் துணுக்குகளை ஆர்சீன் என்னும் சாயமிட்டு நோக்கி, செம்பு தேங்கியதற்குரிய படிவுகளைக் கண்டனர். அடுத்த ஆண்டு ஈரலில் உள்ள செம்பு அளந்தறியப்பட்டது. நலமுள்ள ஈரலில், உலர்ந்த எடையில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் அளவிற்குள் இருக்கவேண்டிய செம்பு, இக்குழந்தைகளிடம் பல நூறாகவும் சிலரிடம் ஆயிரத்துக்கு மேலாகவும் இருந்தது.

செம்பு ஈரலைக் கெடுக்கும் என்பது புதிய செய்தியன்று. 1912இல் கின்னியர் வில்சன் விளக்கிய பரம்பரை நோயில் செம்பே ஈரலையும் மூளையையும் தாக்குகிறது என்பது பின்னர்த் தெளிந்தது. 1956இல் ஜான் வால்ஷ் அச்செம்பினை வெளியேற்றப் பெனிசிலமின் என்னும் மருந்தினைப் பயன்படுத்தினார். ஆயின் இந்தியக் குழந்தைகளுக்கு இருந்தது வில்சன் நோயன்று. அங்ஙனமாயின் செம்பு எங்கிருந்து வந்தது?

இவ்வினாவிற்கு விடை புனே நகரில் கிடைத்தது. அங்குக் குழந்தை மருத்துவர்களாகிய ஷீலா பாவே, ஆனந்த பண்டித் ஆகியோர் டானருடன் சேர்ந்து, நோயுற்ற குழந்தைகளின் ஊட்டு வரலாற்றை விசாரித்தனர். எத்தனை திங்களில் தாய்ப்பால் குறைந்தது, எப்பாலை ஊட்டினீர்கள், அதனை எதில் காய்ச்சினீர்கள், எதில் வைத்தீர்கள் என்பன அவர்தம் வினாக்கள். நோயுற்ற குழந்தைகள் மிக இளமையிலேயே மாட்டுப்பாலோ எருமைப்பாலோ உண்டவர்கள் என்பதும், அப்பால் பித்தளைப் பாத்திரங்களில் காய்ச்சி வைக்கப்பட்டதென்பதும் தெரியவந்தன. 1983இல் இக்கருத்து அச்சேறியது. நோயுற்றாரையும் நோயற்றாரையும் இணையிணையாக ஒப்பிட்ட ஆய்வு 1987இல் வெளிவந்து அதனை வலியுறுத்தியது. பித்தளையில் வைத்த பாலில் செம்பு இறங்குதலையும், அது பாலின் புரதமாகிய கேசினோடு பிணைதலையும் 1989இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று.

இங்கு ஓர் உடலியல் உண்மையும் அறியத்தக்கது. பிறந்த குழந்தையின் ஈரலில் இயல்பாகவே செம்பு மிகுதி. மிகுந்த செம்பை உடல் பித்தநீரின்வழியே வெளியேற்றும். அத்திறன் குழந்தைக்கு உடனே முற்றுவதில்லை. தாய்ப்பாலில் செம்பு குறைவு. இயற்கை குறைத்துக் கொடுத்ததனைப் பாத்திரம் கூட்டிக் கொடுத்தது எனலாம்.

7. களிம்பு அறிந்த நாட்டில்

தமிழாய்வாளர் இங்கு ஒரு கேள்வியை எழுப்புதல் இயல்பு. செம்பில் களிம்பு ஏறும் என்பது தமிழர் அறியாததோ? சைவ சித்தாந்த நூலார், உயிரோடு தொன்றுதொட்டு ஒட்டிய ஆணவ மலத்திற்குச் செம்பில் உள்ள களிம்பினையே உவமையாகக் கொண்டனர். உவமை என்பது எல்லார்க்கும் தெரிந்த பொருளிலிருந்தே எடுக்கப்படும். எனவே களிம்பு பற்றிய அறிவு மக்களிடம் பரவியிருந்தது என்பதில் ஐயமில்லை.

இல்லறத்தாரும் அதற்கேற்ப நடந்தனர். புளி சேர்ந்த குழம்பையும் தயிரையும் வெறும் பித்தளையில் வையார். பாத்திரத்தின் உட்புறத்தே ஈயம் பூசுவர். பூச்சு தேய்ந்தால் மீண்டும் பூசுவதற்குத் தெருவில் வரும் தொழிலாளியை அழைப்பர். இரசத்திற்கென்றே ஈயச்சொம்பு வைத்திருந்தனர். (ஈயம் என்று வழங்கப்பட்ட அது வெள்ளீயமே; நஞ்சாகிய காரீயம் அன்று.) பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது, வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது என்னும் வேறுபாட்டினையும் கன்னார் அறிந்திருந்தனர்.

அங்ஙனமாயின் காவல் எங்கே தவறியது? புளிப்பே களிம்பை எழுப்பும் என்பது மரபறிவு. பால் புளிப்பதன்று, பாலில் பச்சை நிறமும் தோன்றாது, நாவில் கைப்பும் தெரியாது. கண்ணும் நாவும் சான்று பகராத இடத்தில் மரபறிவு வாளாவிருந்தது. மேலும் பால் தூய்மையின் வடிவம். தேய்த்து மின்னும் பித்தளை செல்வத்தின் அடையாளம். மகளுக்குச் சீராகக் கொடுத்த பாத்திரத்தில் பேரக்குழந்தைக்குப் பால் காய்ச்சுவதில் யாரும் குற்றம் காண இயலாது. வறியவர் வீட்டு மட்பாண்டம் அக்குழந்தையைக் காத்தது. வசதியுள்ளார் வீட்டுப் பித்தளை கைவிட்டது. நோய் சத்துக்குறைவால் வருவதன்று என்று முன்னர் மருத்துவர் திகைத்ததன் விளக்கமும் இதுவே ஆகலாம்.

8. மறுப்பும் ஒப்பும்

செம்பே முழுக் காரணம் என்பதனை எல்லாரும் ஏற்றிலர். நோயுற்ற குழந்தைகள் சிலரின் வீட்டில் பித்தளைப் புழக்கமே இல்லை என்று கூறியோர் உண்டு. ஒரே பாத்திரத்துப் பாலை உண்ட உடன்பிறந்தாருள் ஒருவர் நோயுற, மற்றவர் நலமாக இருந்ததும் விளக்கம் வேண்டுவதே.

இவ்விடத்து ஐரோப்பாவிலிருந்து ஒரு சான்று கிடைக்கிறது. ஆஸ்திரியாவின் திரோல் மலைநாட்டில் 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள் இதனையொத்த ஈரல் நோயால் இறந்தமையை முல்லரும் அவர்தம் துணைவரும் 1996இல் வெளியிட்டனர். அங்கும் ஈயம் பூசாத செப்புப் பாத்திரத்தில் மாட்டுப்பால் காய்ச்சி ஊட்டும் வழக்கம் இருந்தது. குடிவழிகளை ஆராய்ந்தபோது, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெறும் மரபணுக் குறைபாடும் உடன் இருந்தது என்பது புலனாயிற்று. பாத்திரங்கள் மாறியதும் நோய் மறைந்தது. எனவே குடிவழி என்றாரும் செம்பு என்றாரும் ஒவ்வொரு பாதியைக் கண்டனர் என்பதே பொருத்தமான முடிபு. ஆயினும் அவ்விரு பாதிகளுள் மனிதன் கையால் மாற்றக்கூடியது ஒன்றே, அது பாத்திரம்.

இந்தியாவிலும் அவ்வாறே நிகழ்ந்தது. பித்தளையில் பால் காய்ச்சாதீர் என்னும் அறிவுரையின் பயனைப் புனேயைச் சார்ந்த அறிஞர் 1992இல் எழுதினர். அதற்கு முன்னரே அலுமினியமும் எவர்சில்வரும் வீடுதோறும் புகுந்து பித்தளையைப் பரணில் ஏற்றியிருந்தன. ஒரு காலத்துக் குழந்தை மருத்துவமனைகளில் வழக்கமாகக் காணப்பட்ட இந்நோய் 1990களில் மிக அரிதாயிற்று. பெனிசிலமின் மருந்து காமாலை தோன்றுமுன் கொடுக்கப்பட்ட குழந்தைகளுள் ஒரு பகுதியினர் பிழைத்தனர். பல ஆண்டு கழித்து அவர்களை ஆராய்ந்தபோது ஈரல் பெரிதும் சீர்பெற்றிருந்தது. தழும்பும் சிலபோது கரையும் என்பது இதனால் விளங்கும். ஆயின் முற்குறி கண்டபோதே மருந்து சென்றால்தான் அது கைகூடும்.

9. முடிவுரை

இவ்வரலாறு முடிந்த கதையாகத் தோன்றலாம். அங்ஙனம் அன்று. செப்புக் குடங்களும் பித்தளைப் பாத்திரங்களும் மரபின் பெயரால் மீண்டும் கடைவீதிக்கு வந்துள்ளன. மரபினைப் போற்றுவார் மரபு அறிந்த காவலையும் உடன் போற்றுதல் வேண்டும். மரபு காணத் தவறிய இடத்தையும் அறிதல் வேண்டும். குழந்தைக்குரிய பாலை ஈயம் பூசாத செம்பிலோ பித்தளையிலோ காய்ச்சலும் வைத்தலும் ஆகா.

பெரியவர்களிடம் கல்லீரல் தழும்பு குறைந்தபாடில்லை. மதுவும், 1965இல் பிளம்பர்க் வெளியிட்ட கண்டுபிடிப்பால் அறியப்பட்ட பி வகை ஈரலழற்சித் தீநுண்மியும், 1989இல் இனங்காணப்பட்ட சி வகையும், உடற்பருமனோடும் நீரிழிவோடும் வரும் கொழுப்பேறிய ஈரலும் இன்றைய முதல்கள். அவற்றிலும் குறிகளின் வரிசை பெரிதும் வேறன்று. ஓயாத சோர்வு, பசியின்மை, சிறிது உண்டதும் வயிறு நிறைதல், காரணமின்றி மெலிதல் என்பன முதலில் வரலாம். பலரிடம் ஒரு குறியும் இன்றி ஆண்டுகள் கழியும். கால் வீக்கமும், மகோதரமும், காமாலையும், குருதி வாந்தியும், தார்போல் கறுத்த மலமும், அறிவு மயங்கலும் பிந்தியே வரும். குருதி வாந்தியும் கறுத்த மலமும் மயக்கமும் கண்டால் ஒரு பொழுதும் தாழ்க்காது மருத்துவமனை சேர்தல் வேண்டும்.

காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது பழமொழி. இந்நோயின் வரலாறு அதன் மறுதலையைக் கற்பிக்கிறது. மஞ்சள் தோன்றும்வரை காத்திருந்தவர்கள் எதனையும் காணவில்லை. நோய்முதல் நாடுதல் என்பது நோயாளியின் உடலை மட்டும் நாடுவதன்று; அவன் உண்ணும் கலத்தையும் நாடுதலாகும். நூறாண்டு மறைந்திருந்த உண்மையைப் புனே மருத்துவர் வெளிக்கொணர்ந்தது, பாலை எதில் காய்ச்சினாய் என்று ஒரு தாயிடம் பொறுமையோடு கேட்டதனால் ஆகும்.